மிக்ஸி ஓடும்போது வசனம் பேசுங்கள்: ஆபரேட்டர் பதில்கள்

சினிமாக் காட்சி பார்த்து இங்கிலீஷ் கற்ற கதையைப் போன இதழில் நாலு வரி எழுதப்போக, இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். ஆகவே இந்த இதழ் முழுக்க இங்கிலீஷ். பழைய தியேட்டர்கள், பாட்டுப் புத்தகங்கள் பற்றிக் கேட்டவர்கள் ஒரு இதழ் பொறுத்துக்கொள்ளவும்.

ஆறு மாதமாகத் தினம் ஒரு ஆங்கிலப் படம் பார்க்கிறேன், தமிழ் சப்டைட்டிலோடு. கதை எல்லாம் புரிகிறது. ஆனால் ஒரு வாக்கியம்கூட வாயில் வரமாட்டேன் என்கிறது. எங்கே தப்பு?
*செவிலியர், நாகர்கோவில்*

ஆறு மாதத்தில் 180 படமா! ஆபரேட்டராக இருந்த காலத்தில் நான்கூட இத்தனை பார்த்ததில்லை. தப்பு அங்கேதான் இருக்கிறது, சகோதரி.

1979-ல் திண்டுக்கல்லில் ஒரு தியேட்டரின் புரொஜக்டர் ரூமுக்கு எடுபிடியாகச் சேர்ந்தேன். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் கோட்டை விட்டவன். அங்கே காலைக் காட்சி எப்போதும் இங்கிலீஷ் படம். வெள்ளிக்கு வெள்ளிதான் படம் மாறும் என்பதால், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒரே படத்தை ஏழு நாள் கேட்டாக வேண்டும். கூட்டம் வந்தால் பதினாலு நாள்.

எங்களிடம் இரண்டு மெஷின். ஒரு ரீல் 2000 அடி. ஓடி முடிய 22 நிமிஷம். முடிகிற நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். அடுத்த மெஷினை ஓடவிட வேண்டும். எட்டு விநாடி இடைவெளிக்குள் இன்னொரு புள்ளி. வெளிச்சத்தை மாற்ற வேண்டும். மெட்ராஸில் பார்க்கிறவர்களுக்கு அந்தப் புள்ளி தெரிந்திருக்கும். பத்து ஊர் சுற்றிவிட்டு எங்கள் ஊருக்குப் பெட்டி வரும்போது ரீலின் வாலெல்லாம் கிழிந்து, ஒட்டி, மறுபடி கிழிந்து, புள்ளியாவது ஒன்றாவது! ஆகவே பெரிய ஆபரேட்டர் அண்ணன் ஒரு நோட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு ரீலும் எந்த வசனத்தில் முடிகிறது என்று அதில் தமிழில் எழுதியிருக்கும். 'மூணாவது ரீல்: ஹோல்ட் ஆன் என்பான், மெஷினைப் போடு.'

அந்த வசனம் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றதுதான் என் பள்ளிக்கூடம். முதல் நாள் வெறும் இரைச்சல். மூன்றாம் நாள் சத்தம் வார்த்தை வார்த்தையாகப் பிரியும். ஐந்தாம் நாள் அவர்கள் பேசுவதற்கு முன்னால் நான் பேசிவிடுவேன். அர்த்தம்தான் தெரியாது.

அர்த்தம் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 'ஹோல்ட்' என்றால் பிடி என்று பள்ளியில் படித்திருந்தேன். அதனால் 'ஹோல்ட் ஆன்' என்றால் கெட்டியாகப் பிடி என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் பெட்டி வராத விஷயமாக மெட்ராஸுக்கு ட்ரங்க் கால் போட்டு, அண்ணன் என்னிடம் ரிசீவரைக் கொடுத்துவிட்டுக் கீழே போய்விட்டார். அந்தப் பக்கம் ஒரு அம்மாள் 'ஹோல்ட் ஆன்' என்றார். நான் ரிசீவரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிஷம். மேனேஜர் பார்த்துவிட்டு, "ஏண்டா, போன் என்ன பறந்தா போகப்போகுது?" என்றார். அப்போதுதான் மூணாவது ரீல் ஞாபகம் வந்தது. அதைச் சொன்னதும் அந்தப் படத்தில் எல்லோரும் அப்படியே நிற்பார்கள். யாரும் எதையும் பிடிக்க மாட்டார்கள். 'கொஞ்சம் இருங்க!' அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். இன்றுவரை மறக்கவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கீழே தமிழ் ஓடினால் கண் அதைப் படிக்கும், காது விடுமுறை எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஆறு மாதமாகச் செய்தது தமிழ் வாசிப்பு. சப்டைட்டிலை இங்கிலீஷுக்கு மாற்றுங்கள். இது என் சொந்தச் சரக்கு இல்லை. அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் பேராசிரியராக இருந்த பிரிஜ் கோத்தாரி அமெரிக்காவில் மாணவராக இருந்தபோது நண்பர்களோடு ஒரு ஸ்பானியப் படம் பார்த்திருக்கிறார். அவர் அந்த மொழியைக் கற்றுக்கொண்டிருந்த நேரம் அது. எழுத்தும் ஸ்பானிய மொழியிலேயே வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியிருக்கிறது. அந்த யோசனையை 1996-ல் கையில் எடுத்து, நம் நாட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிறவர்களுக்காகத் தூர்தர்ஷன் சினிமாப் பாட்டுகளுக்கு அதே மொழியில் வரிகளை ஓடவிட்டார். பாட்டைக் கேட்டபடியே எழுத்தைப் பிடித்துக்கொண்டார்கள். உங்களுக்கும் அதே வைத்தியம்தான்.

முழுப் படம் வேண்டவே வேண்டாம். மூன்று நிமிஷக் காட்சி ஒன்று. ஏழு நாளும் அதே. முதல் இரண்டு நாள் இங்கிலீஷ் எழுத்தோடு. பிறகு எழுத்தை எடுத்துவிடுங்கள். நீங்கள் செவிலியர், ஆகவே ஆஸ்பத்திரிக் காட்சி என்று தேடிப் போகாதீர்கள். அங்கே டாக்டர்கள் ஓடிக்கொண்டே மருந்துப் பெயராகக் கத்துவார்கள். அது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அம்மாவும் மகளும் சண்டை போடுகிற காட்சியாகப் பாருங்கள். நோயாளியின் வீட்டுக்காரர்கள் உங்களிடம் பேசப்போகிற இங்கிலீஷ் அதுதான்.

எனக்கு 61 வயது. மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். மருமகளுக்குப் பிரசவம் பார்க்க ஆறு மாதம் போகிறேன். கடைகண்ணிக்குத் தனியாகப் போய்வர எந்த வார்த்தைகளை மனப்பாடம் செய்யலாம்?
*இல்லத்தரசி, கும்பகோணம்*

மனப்பாடம் வேண்டாம் அம்மா. வார்த்தைகள் உங்களிடம் நிறையவே இருக்கின்றன. ஆனால் பாதி அங்கே செல்லாது, ஊர் மாறினால் சில்லறை மாற்றுவது போல மாற்றிக்கொள்ள வேண்டும்.

'ஹோட்டலுக்குப் போகலாம்' என்று மருமகளின் தோழியிடம் சொன்னால், ரூம் போட்டுத் தங்கப் போகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வாள். 'கவர் கொடுங்க' என்றால் கடைக்காரர் விழிப்பார். அங்கே அது 'பேக்'. அதையும் கேட்டுப் பிரயோஜனமில்லை. 2022 மே மாதத்திலிருந்து நியூஜெர்சியின் பெரிய மளிகைக் கடைகளில் பிளாஸ்டிக் பையும் கிடையாது, காகிதப் பையும் கிடையாது. இங்கிருந்து நாலு மஞ்சப்பையை மடித்து எடுத்துப் போய்விடுங்கள். 'பார்சல்' என்பது தபாலில் வருவது. சாப்பாட்டைக் கட்டித் தரச் சொல்ல 'டு கோ'. கார் டிக்கி அங்கே 'ட்ரங்க்', நமக்கோ அது பழைய தகரப் பெட்டி. 'கேஸ் போடணும்' என்று மகன் வண்டியை நிறுத்தினால் சிலிண்டரை நினைத்துப் பதறாதீர்கள், பெட்ரோல்தான். அந்த மாநிலத்தில் நாமே இறங்கிப் போட்டுக்கொள்ளவும் கூடாது, ஆள் வந்துதான் போடவேண்டும் என்பது சட்டம். (ஸ்டெப்னியும் அங்கே எடுபடாது. அது வேல்ஸ் நாட்டில் உதிரிச் சக்கரம் செய்து விற்ற ஒரு தெருவின் பெயர். அவர்கள் மறந்துவிட்டார்கள், நம் மெக்கானிக்குகள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.)

முட்டை சாப்பிடுகிறவர் என்றால் இதையும் கேளுங்கள். நம் கடையில் 'ஆஃப் பாயில்' என்றால் தோசைக்கல்லில் உடைத்து ஊற்றி, மஞ்சள் கரு தளதளவென்று நிற்க வேண்டும். அங்கே அப்படிக் கேட்டால் தண்ணீரில் போட்டு அரைவேக்காட்டில் எடுத்த முட்டை என்றுதான் புரிந்துகொள்வார்கள். நம் ஆஃப் பாயிலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'சன்னி சைடு அப்'. சூரியன் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறதாம். அழகான பெயர் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். லேசாகத் திருப்பிப் போட்டால் 'ஓவர் ஈஸி'.

இதெல்லாம் நாம் கேட்கிற சொற்கள். இதைவிடக் கஷ்டமான இடம் ஒன்று உண்டு. 2012-ல் வந்த 'இங்கிலீஷ் விங்கிலீஷ்' பார்த்திருப்பீர்கள், தமிழிலும் வந்ததே. நியூயார்க் காபிக் கடையில் ஸ்ரீதேவி திணறி, கண் கலங்கி வெளியே ஓடுகிறார். காபிக்கு இங்கிலீஷ் தெரியாமலா? இல்லை. காபி என்று சொன்னவுடன் கடைக்காரி அடுத்தடுத்துத் திருப்பிக் கேட்டாளே, எந்தக் காபி, எந்தத் தண்ணீர் என்று, அங்கேதான் மாட்டிக்கொண்டார். சொற்பட்டியல் நம் வசனத்தை மட்டும் சொல்லிக்கொடுக்கும். எதிராளியின் வசனம் அதில் இருக்காது. சினிமாவில் இரண்டு பேர் வசனமும் இருக்கிறது. ஆகவே கடை, ஓட்டல், பஸ், பக்கத்து வீடு என்று நாலு காட்சி எடுத்துக்கொண்டு, விற்கிறவர் பக்கத்து வசனத்தை நீங்கள் நன்றாகக் கேளுங்கள். அவர் எத்தனை கேள்வி கேட்கிறார், எந்த வரிசையில் கேட்கிறார் என்று பாருங்கள். எல்லாக் கடையிலும் கிட்டத்தட்ட அதே நாலைந்து கேள்விதான்.

இன்னொன்று. யாரிடமாவது "இன்னும் கொஞ்சம் கேசரி?" என்று கேட்டு, அவர் 'ஐ ஆம் குட்' என்றால், அவர் தன் நல்ல குணத்தைப் பற்றிச் சொல்லவில்லை. 'போதும்மா' என்கிறார். கரண்டியைக் கீழே வைத்துவிடலாம்.

'கம் ஆன்' என்பதற்கு வா என்று அர்த்தம் என்று நினைத்திருந்தேன். படத்தில் ஆளுக்கு ஆள் ஒவ்வொரு மாதிரிச் சொல்கிறார்களே?
*மளிகைக் கடைக்காரர், உசிலம்பட்டி*

உங்கள் கடையில் ஒருநாளில் 'அட' என்ற சொல்லை எத்தனை விதமாகச் சொல்கிறீர்கள், எண்ணிப் பாருங்கள். அதே கதைதான். அவசரப்படுத்தினால் 'சீக்கிரம் வாப்பா'. நம்பாமல் இழுத்தால் 'அட, சும்மா கதை விடாதீங்க'. அழுகிறவரிடம் மெல்லச் சொன்னால் 'சரி சரி, விடுங்க'. பந்தயத்தில் கத்தினால் 'விடாதே, விடாதே!' அகராதியில் தேடி அலையாமல் முகத்தைப் பாருங்கள், குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவனியுங்கள்.

உங்களுக்கு இன்னொன்று இலவசம். 'டெல் மீ அபௌட் இட்' என்று படத்தில் வரும். 'அதைப் பற்றி எனக்குச் சொல்' என்று நினைத்துக்கொண்டு எதிராளி விலாவாரியாகச் சொல்லப் போகிறான் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். அது நம் 'அதை ஏன் கேக்குறீங்க!' விலைவாசியைப் பற்றி வாடிக்கையாளர் புலம்பும்போது நீங்கள் சொல்வீர்களே, அச்சு அசல் அதுதான். இப்படி ஒரு தமிழ் வாக்கியம் ஜோடியாகக் கிடைத்துவிட்டால் அந்த இங்கிலீஷ் வாக்கியம் உங்களை விட்டுப் போகவே போகாது.

ஒரு படம் புரிய எத்தனை வார்த்தைகள் தெரிந்திருக்க வேண்டும்? கணக்கு உண்டா?
*போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், விருத்தாசலம்*

உண்டு. ஸ்டூவர்ட் வெப், மைக்கேல் ராட்ஜர்ஸ் என்று இரண்டு ஆய்வாளர்கள் 318 படங்களின் வசனங்களை எடுத்து எண்ணி 2009-ல் வெளியிட்டார்கள். அதிகம் புழங்குகிற 3000 சொற்குடும்பங்களோடு ஊர்ப்பெயர், ஆள்பெயர்களையும் சேர்த்தால் வசனத்தில் 95 விழுக்காட்டுக்கு மேல் அடங்கிவிடுகிறது. 98-ஐத் தொட 6000 வேண்டும். சொற்குடும்பம் என்றால், 'டீச்', 'டீச்சர்', 'டீச்சிங்' மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒன்று என்றே கணக்கு.

கணக்கு சரி. ஆனால் தேர்வுக்குப் படிக்கிற பழக்கத்தில் உடனே 3000-க்கும் பட்டியல் போட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். டாக்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்காக உழைத்த மைக்கேல் வெஸ்ட் என்பவர் சுமார் 2000 சொற்களைப் பொறுக்கி 1953-லேயே பட்டியல் கொடுத்துவிட்டார். புரட்டிப் பார்த்தால் 'கெட்', 'புட்', 'டேக்', 'ரன்' என்று எல்லாம் நமக்குத் தெரிந்த முகங்களாகத்தான் இருக்கும். சிக்கல் அவை ஜோடி சேரும்போது. 'ரன்' தெரியும், 'அவுட்' தெரியும். 'ரன் அவுட்' என்றால் உங்களுக்குக் கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். படத்தில் ஒருத்தி ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டுப் பால் 'ரன் அவுட்' ஆகிவிட்டது என்பாள். பால் தீர்ந்துபோச்சு! திறந்த ஃப்ரிட்ஜும் அவள் முகமும் சேர்ந்துதான் அதைச் சொல்லிக்கொடுக்கின்றன. பட்டியலில் ஃப்ரிட்ஜ் கிடையாது.

மேஜர் சுந்தரராஜன் மாதிரி தமிழ்ப் படங்களில் பேசும் இங்கிலீஷ் உதவுமா?
*ஓய்வுபெற்ற தபால்காரர், சாத்தூர்*

நல்ல ஆளை ஞாபகப்படுத்தினீர்கள். ஒரு வரியை இங்கிலீஷில் சொல்லிவிட்டு மூச்சுவிடாமல் அதையே தமிழிலும் சொல்வார். மிமிக்ரிக்காரர்கள் அதை வைத்தே எத்தனை வருஷம் மேடையை ஓட்டினார்கள்! எங்களைப் போன்றவர்களுக்கோ அவர்தான் சப்டைட்டில். உச்சரிப்பும் நிறுத்தி நிதானமாக இருக்கும். தாராளமாக ஆரம்பியுங்கள்.

சினிமா பார்த்து ஆங்கிலம் கற்கலாம் என்று இளைஞர்களைக் கெடுக்கிறீர்கள். 'கோயிங் டு'வை 'கொன்னா' என்பதும் 'வான்ட் டு'வை 'வான்னா' என்பதும் ஒரு மொழியா? 32 வருடம் இலக்கணம் நடத்தியவன் என்ற முறையில் வருத்தத்தோடு எழுதுகிறேன்.
*ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், பாளையங்கோட்டை*

ஐயா, வணக்கம். உங்களைப் போன்ற ஒருவரிடம் கோட்டை விட்டுவிட்டுத்தான் நான் தியேட்டருக்குப் போனேன்.

உங்கள் வருத்தத்தில் பாதி நியாயம். என் மாலை வகுப்பில் ஒரு பையன் கம்பெனிக்கு எழுதிய லீவு லெட்டரில் 'வான்னா' என்று எழுதிவைத்தான். அதை நான் பார்க்காமல் விட்டது என் தப்பு. பேச்சில் வருவது வேறு, எழுத்தில் வருவது வேறு என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். 'வந்துட்டேன்' என்று பேசுகிற நாம் கடிதத்தில் 'வந்துவிட்டேன்' என்று எழுதவில்லையா? ஆனால் 'வந்துட்டேன்' காதில் விழுந்தால் புரியாத ஒருவர் இந்த ஊரில் எப்படி வாழ்வார்? 'கொன்னா'வைப் பேசச் சொல்லவில்லை ஐயா. கேட்டால் புரியட்டும் என்கிறேன்.

நீங்கள் ரசிக்கும்படி ஒரு காட்சி சொல்கிறேன். 1957-ல் வந்த '12 ஆங்ரி மென்'. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட பையன் குற்றவாளியா இல்லையா என்று 12 ஜூரிகள் ஒரே அறையில் அடைந்துகொண்டு வாதிடுகிறார்கள். அதில் வாய்த்துடுக்கான ஓர் அமெரிக்கர், அந்தப் பையனுக்கு ஒழுங்காக இங்கிலீஷ்கூடப் பேசத் தெரியாது என்று ஏளனம் செய்கிறார். ஏளனம் செய்கிற அந்த வாக்கியத்திலேயே 'டஸின்ட்' வரவேண்டிய இடத்தில் 'டோன்ட்' என்று தப்பாகச் சொல்கிறார். அதைத் திருத்துகிறவர் யார்? ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய கடிகாரம் செய்கிறவர். மெதுவாக, அந்த ஒரு சொல்லை மட்டும் அழுத்தி, வாக்கியத்தைச் சரியாகத் திருப்பிச் சொல்வார். என் வகுப்பில் ஒருமை பன்மைப் பாடத்தை அந்தச் சில விநாடிகளை வைத்துத்தான் நடத்துகிறேன். ஒருவரும் தப்பு விட்டதில்லை. பாளையங்கோட்டைப் பக்கம் வரும்போது வந்து பார்க்கிறேன், ஐயா.

நான் பத்தாம் வகுப்பு. இங்கிலீஷ் படம் போட்டாலே கெட்ட வார்த்தை வருகிறது என்று அப்பா டிவியை அணைத்துவிடுகிறார். எந்தப் படத்தில் ஆரம்பிக்கலாம்?
*மாணவன், பெரியகுளம்*

தம்பி, அப்பா சொல்வதில் தப்பில்லை. 'ஃபைண்டிங் நீமோ' பார். அப்பா மீன் மகன் மீனைத் தேடுகிற கதை என்பதால் உன் அப்பாவும் உட்கார்ந்துவிடுவார். கார்ட்டூன் படங்களில் பெரும்பாலும் வார்த்தை ஒவ்வொன்றும் தெளிவாகக் காதில் விழும். அது முடிந்ததும், மேலே ஆசிரியருக்குச் சொன்ன ஜூரிப் படத்துக்குப் போ. 96 நிமிஷம், கிட்டத்தட்ட முழுக்க ஒரே அறை. ஜன்னலைத் திறக்க மல்லுக்கட்டுவது, மின்விசிறி ஓடாமல் திண்டாடுவது, வியர்வை, மழை, கத்தி, மூக்குக்கண்ணாடி. எல்லாம் நம் வீட்டில் புழங்குகிற சாமான்கள். சண்டைப் படத்தில் ஆரம்பித்துவிடாதே. 'மெக்கன்னாஸ் கோல்டு' எங்கள் தியேட்டரில் எத்தனை முறை திரும்பத் திரும்ப வந்திருக்கிறது தெரியுமா? அத்தனை முறை ஓட்டியும் என் காதில் தங்கியது குதிரைக் குளம்புச் சத்தம்தான்.

காட்சியைப் பார்த்துவிட்டுச் சத்தமாகத் திருப்பிச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். கூட்டுக் குடும்பம். மாமியார், கொழுந்தனார் எல்லோரும் இருக்கிற வீட்டில் இங்கிலீஷ் வசனம் பேசினால் சிரிக்க மாட்டார்களா? கூச்சமாக இருக்கிறது.
*வாசகி, போடி*

நான் பேசிப் பழகியதை 12 வருஷம் ஒருவரும் கேட்டதில்லை அம்மா. புரொஜக்டர் ரூமில் இரண்டு மெஷின் கடகடக்கிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்காது. கதாநாயகனோடு சேர்ந்து கத்துவேன், கதாநாயகியோடு சேர்ந்து அழுவேன். கீழே டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

உங்கள் வீட்டில் மிக்ஸி இருக்கிறது அல்லவா? அது ஓடும்போது பேசுங்கள். சட்னிக்கு ஒரு வசனம் தேறும். கிரைண்டரில் மாவு ஆட்டுகிற அன்று முழுக் காட்சியே முடித்துவிடலாம்.